நாற்பத்தோராம் எலி குணமான விவகாரம்

அக்காவுக்கு ஓர் எலிமேல் பொறாமை. ஏதோ லேசான பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். அதைப் பார்த்தாலே வயிறு பற்றி எரியும், கையிலிருக்கிற சாப்பாடு தொண்டையில் இறங்காது, அந்த அளவுக்கு. அக்கம்பக்கத்தில் யார் புது வீடு கட்டினாலும், யார் மகளுக்கு நல்ல இடம் அமைந்தாலும், “நல்லா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு நகர்கிறவள் அவள். அப்பேர்ப்பட்டவள், போயும் போயும், அரைக் கிலோகூடத் தேறாத ஒரு வெள்ளை எலியிடம் தோற்றுப்போனாள்.

மனநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிக்கூண்டு கழுவுவது அவள் வேலை. அங்கே எல்லாருக்கும் அவள் அக்காதான். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த இயக்குநர்கூட, தலையில் ஒரு கறுப்பு முடி மிச்சமில்லாத நிலையிலும், வாய் கூசாமல் “அக்கா” என்றுதான் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிட உண்மையிலேயே உரிமையுள்ள ஒரே ஆள் அவள் தம்பி. அவன் கூப்பிட்டு மாதக்கணக்கில் ஆகிறது.

தம்பி பஸ் கண்டக்டராக இருந்தவன். எழுபது பேர் ஏறினாலும் யார் எங்கே ஏறினார், எங்கே இறங்க வேண்டும், யாருக்குச் சில்லறை பாக்கி என்று அத்தனையும் தலைக்குள் வைத்திருப்பான். ஆறு வருஷத்துக்கு முன் அந்தத் தலைக்குள் டிக்கெட் எடுக்காத சிலர் ஏறிப் பேச ஆரம்பித்தார்கள். மனச்சிதைவு என்றார்கள் டாக்டர்கள். மாத்திரை கொடுத்துக் குரல்களை இறக்கிவிட்டாயிற்று. ஆனால் கூடவே அந்தப் பழைய ஞாபகமும் இறங்கிப் போய்விட்டது. இப்போது சோப்பு, பிரெட், தீப்பெட்டி என்று மூன்று சாமான் வாங்க அனுப்பினால், கடைவாசல் வரை போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வருவான். அவனைக் குற்றம் சொல்ல முடியுமா? அவனுக்கே அது தெரியும். தெரிந்துதான் வெளியே போவதை நிறுத்திவிட்டான்.

“குரலுக்குத்தான் மாத்திரை இருக்கு. ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் இன்னும் வரல. சத்தம் இல்லாம, தொந்தரவு பண்ணாம, அமைதியா விடுங்க” என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா சொன்ன பேச்சைக் கேட்கிறவள். பின்கட்டு அறையை அவனுக்கு ஒழித்துக் கொடுத்தாள். சாப்பாட்டை வைப்பாள், “மாத்திரை போட்டியா?” என்பாள், கதவைச் சாத்துவாள். அமைதியென்றால் அப்படியோர் அமைதி அந்த வீட்டில்.

நிறுவனத்தின் முன்கட்டடத்தில் நினைவுப் பயிற்சி என்று ஒன்று நடந்தது. ஆறு வாரம், தினம் ஒரு மணி நேரம், ஆளுக்கொரு பயிற்சியாளர் எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். பட்டியல் போடுவது எப்படி, போட்ட பட்டியலைப் பார்க்க மறக்காமல் இருப்பது எப்படி என்றெல்லாம். அதில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். தம்பிக்கு அதில் ஓர் இடம் கிடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அக்காவுக்கு வாழ்க்கையில் ஆசை. மூன்று முறை விண்ணப்பம் போட்டிருந்தாள்.

பொறாமை பிறந்த நாளை அவளால் தேதியோடு சொல்ல முடியும். அன்றைக்கு அதே நிறுவனத்தின் புறநோயாளிப் பிரிவில் தம்பியின் டோக்கன் நாற்பத்தொன்று. காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நாற்பதாவது ஆளைப் பார்த்து முடித்ததும் டாக்டர் எழுந்து போய்விட்டார். “நாளைக்கு வாங்க” என்று ஜன்னலை மூடினார்கள். தம்பியை வீட்டில் விட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, பின்கட்டடத்துக்கு வேலைக்கு வந்தாள் அக்கா. வந்தால், எலி அறையில் ஒரே பரபரப்பு. ஓர் எலிக்குக் காதுக்குப் பின்னால் நாலு முடி உதிர்ந்திருந்தது. மூன்று பேர் முகமூடி போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் அதைப் பார்த்தார்கள். படம் எடுத்தார்கள், எடை போட்டார்கள், களிம்பு தடவினார்கள். “விலங்கு மனச்சோர்வுடன் காணப்படுகிறதா?” என்ற படிவத்தில் பதினாறு கேள்விக்கு விடை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கூண்டின் எண்ணைப் பார்த்தாள் அக்கா. நாற்பத்தொன்று.

அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த எலிகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எலிக்கு மனச்சிதைவு தானாக வராது. ஆனால் ஆராய்ச்சிக்கு நோய் வந்த எலி வேண்டும். ஆகவே வரவழைக்கிறார்கள். பால்குடி மறந்ததும் தாயிடமிருந்தும் கூடப்பிறந்தவற்றிடமிருந்தும் பிரித்து, நாலு பக்கமும் மறைத்த கூண்டில் எட்டு வாரம் தனியாக விட்டுவிடுவார்கள். வேறொன்றும் செய்ய வேண்டாம். தானாகவே அதன் மூளை தடுமாற ஆரம்பிக்கும். அப்படித் தடுமாறுகிற எலிக்கு ‘மாடல்’ என்று பெயர்.

தடுமாற்றத்தைக் கண்டுபிடிக்க இரண்டு கிண்ணம் வைத்திருந்தார்கள். ஒன்றில் மணல், இன்னொன்றில் காகிதத் துணுக்கு. இரண்டிலும் வெவ்வேறு வாசனை. முதலில் எலுமிச்சை வாசனை அடிக்கிற கிண்ணத்துக்குள் இனிப்பு உருண்டை இருக்கும். எலி கற்றுக்கொள்ளும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் விதியை மாற்றுவார்கள்: வாசனை எதுவானாலும் சரி, இனி மணலுக்குள்தான் இனிப்பு. நல்ல எலி நாலு தடவை ஏமாந்துவிட்டு ஐந்தாவது தடவை சுதாரித்துக்கொள்ளும். மாடல் எலி மட்டும் எலுமிச்சையையே தோண்டிக்கொண்டிருக்கும்.

தனிமை கெட்டுவிடக்கூடாதே என்று அந்த அறைக்கு ஏகப்பட்ட சட்டம். பேசக்கூடாது, பாடக்கூடாது, விலங்கின் கண்ணை நேராகப் பார்க்கக்கூடாது, தும்மல் வந்தால் வெளியே போய்த் தும்ம வேண்டும். அக்கா எட்டு வருஷமாக ஒரு சட்டத்தையும் மீறியதில்லை. டோக்கன் நாளன்று மீறினாள். நாற்பத்தொன்றின் கூண்டு கதவுக்குப் பின்னால், மூலையில், அவள் முகத்துக்கு நேரே இருந்தது. குனிந்து, கம்பிக்கு அருகே வாயை வைத்து, மெதுவாக ஆரம்பித்தாள்.

“உனக்கென்னடா ராசா. கொடுத்து வச்சவன். நாலு முடி கொட்டினா மூணு பேர் ஓடி வர்றாங்க. அங்க ஒருத்தன் மொத்தமா கொட்டிப்போய் உக்காந்திருக்கான், ஏன்னு கேக்க ஆள் இல்ல.”

எலி மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தது. அந்தத் திமிர் அக்காவுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. மறுநாளும் திட்டினாள். அதற்கு மறுநாளும். கூண்டின் அடித்தட்டை மாற்றுகிற பத்து நிமிஷமும் திட்டுதான். காலையில் தம்பி என்ன சாப்பிட்டான், பஸ்ஸில் ஒருத்தி எப்படி இடித்துக்கொண்டு போனாள், சின்ன வயசில் தம்பி எப்படி வாய் ஓயாமல் பேசுவான் என்று வீட்டுக் கதையெல்லாம் அந்தத் திட்டுக்குள் வந்து சேர்ந்தது. நாளாக நாளாக, அவள் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டதும் எலி கம்பியோரம் வந்து நின்றது. “வந்துட்டாரு துரை” என்பாள் அக்கா. அந்த எலிமேல் அவளுக்கு அத்தனை வெறுப்பு.

இதற்கிடையில் மூன்றாவது விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அக்கா தம்பிக்குச் சட்டை தேய்த்துப் போட்டு அழைத்துப் போனாள். இயக்குநரும், கிண்ணச் சோதனை செய்கிற இளம் ஆய்வாளரும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி முன்னால் இரண்டு கிண்ணத்தை வைத்தார்கள். ஒன்றில் மணல், இன்னொன்றில் காகிதத் துணுக்கு.

“எதுல பட்டன் இருக்குன்னு கண்டுபிடிங்க” என்றார் ஆய்வாளர்.

தம்பி கிண்ணத்தைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். “எனக்குப் பட்டன் வேணாம்” என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டான்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான்.

“பாருங்கக்கா, உங்க தம்பி இந்த நோய்க்குப் பொருந்தி வரல.”

“ஆறு வருஷமா மாத்திரை சாப்பிடறான் சார்.”

“சாப்பிடட்டும், வேணாங்கல. ஆனா பதினோரு வருஷமா நாங்க இந்த நோயை எலி மூலமாப் புரிஞ்சு வச்சிருக்கோம். நம்ம எலி என்ன பண்ணும்? தப்பான கிண்ணத்தைத் தோண்டும். நூறு தடவை வச்சாலும் நூறு தடவையும் தோண்டும். என்ன ஒரு ஒழுங்கு! இவரு தோண்டவே மாட்டேங்கறாரு. எலி ஒரு மாதிரி, நோயாளி ஒரு மாதிரி நடந்துக்கிட்டா தப்பு யார் பக்கம்? நீங்களே சொல்லுங்க.”

அக்கா எழுந்து வாசல் பக்கம் தம்பியை எட்டிப் பார்த்தாள்.

“அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க. அதுக்குள்ள கொஞ்சம் தோண்டப் பழக்குங்க” என்றார் இயக்குநர் பெருந்தன்மையோடு.

எட்டு வாரம் முடிந்தது. எலிகளுக்குச் சோதனை. நாற்பது எலியும் தப்பாமல் எலுமிச்சையைத் தோண்டின. ஆய்வாளர் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டே வந்தார். நாற்பத்தொன்று வந்தது. விதியை மாற்றினார்கள். மூன்று தடவை ஏமாந்தது. நாலாவது தடவை ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு, நேரே போய் மணலைத் தோண்டி உருண்டையை எடுத்துத் தின்றது.

“ஐயையோ, சரியாப் பண்ணுது!” என்று கத்தினார் ஆய்வாளர்.

அவ்வளவுதான், நிறுவனம் கலகலத்துப் போயிற்று. மறுபடி சோதித்தார்கள், மறுபடியும் சரியாகச் செய்தது. வேறு ஆள் சோதித்தார், அவரையும் அவமானப்படுத்தியது. விளக்கை மாற்றினார்கள், தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், கிண்ணம் செய்தவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கடைசியில் ஏழு பேர் கொண்ட விசாரணைக் குழு உட்கார்ந்தது. ஊழியர் அத்தனை பேரும் சுவரோரம் நின்றார்கள்.

“நம்ம நிறுவனத்துல ஒரு விலங்கு குணமாயிருக்கு” என்று தொடங்கினார் இயக்குநர். குரல் தழுதழுத்தது. “பதினோரு வருஷத்துல இப்படி ஒரு தலைகுனிவு நமக்கு வந்ததில்ல. நோயைக் குணப்படுத்தத்தான் இந்த நிறுவனமே இருக்கு. அப்படிப்பட்ட இடத்துல, யார் அனுமதியும் இல்லாம, ஒரு படிவம்கூட நிரப்பாம, ஒரு எலி பாட்டுக்குக் குணமாகுதுன்னா, நாளைக்கு இந்த நிறுவனத்துக்கு என்ன மரியாதை?”

ஏழு பேரும் தலையை ஆட்டினார்கள். அறையில் ஏற்கெனவே ரகசியமாக ஒலிப்பதிவுக் கருவி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. பொத்தானை அழுத்தினார்கள்.

“உனக்கென்னடா ராசா” என்று சபை நடுவே அக்காவின் குரல் கேட்டது. “உன்னை ஒழுங்காத் தோண்ட வைக்க ஒரு பெரிய மனுஷன், உன் புழுக்கையை எண்ண ஒரு பெரிய மனுஷன். எல்லாருக்கும் மேல அந்த வெள்ளைத்தலை, என் தம்பியைத் தோண்டப் பழக்கச் சொல்லுது. நீ மட்டும் என்னத்தைக் கிழிச்சிட்டே, ம்? கம்பியைக் கடிக்காத, பல்லு போயிடும்.”

பத்து நிமிஷமும் ஓடியது. அக்காவுக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. இளம் ஆய்வாளர் மட்டும் முகம் மலர்ந்து எழுந்தார்.

“சார், அப்ப இதுதான் காரணம்! தனியாவே இருந்த எலி, தினம் பத்து நிமிஷம் ஒருத்தர் பேசினதுல தேறியிருக்கு. இதையே நாம முன்கட்டடத்துல…”

“உக்காருப்பா” என்றார் இயக்குநர். “பேச்சை மாத்திரையா அடிக்க முடியுமா? டப்பாவுல போட முடியுமா? அது சிகிச்சை இல்ல, குறுக்கீடு. எழுதிக்கோங்க: குறுக்கீட்டால் மாடல் சேதம்.”

தீர்ப்பு சொல்லப்பட்டது. அக்கா இனி அடித்தளத்தில் காலிக் கூண்டு மட்டும்தான் கழுவ வேண்டும். நாற்பத்தொன்று குணமாகிவிட்டதால் இனிப் பயன்படாது. நீக்க வேண்டும். நீக்குவது என்றால் என்னவென்று அக்காவுக்குத் தெரியும், எட்டு வருஷமாகக் காலிக் கூண்டு கழுவியிருக்கிறாள். ஆனால் விலங்கு நல விதிப்படி, தகுதியான வீடு கிடைத்தால் தத்துக் கொடுக்கலாமாம். யாராவது விருப்பமா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார்கள்.

“எனக்குக் குடுங்க” என்றாள் அக்கா.

ஏன் கேட்டாள்? ஒன்று, தினம் திட்டிய வாய்க்கு அந்த எலி போய்விட்டால் என்ன செய்வதென்று தெரியவில்லை. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. தத்துக் கொடுக்கும் முன் அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார். எலிக்காக வருகிறவர் தம்பியையும் பார்ப்பார்தானே? பார்த்தால் ஒரு வார்த்தை எழுத மாட்டாரா? எலியின் வாலைப் பிடித்துக்கொண்டாவது தம்பி அந்தப் பன்னிரண்டு பேருக்குள் போய்விட மாட்டானா?

விலங்கு நல அதிகாரி சனிக்கிழமை காலை வந்தார். இளகிய மனசுக்காரி. கூண்டு வைக்க இடம் எது என்று கேட்டதும் அக்கா வேண்டுமென்றே பின்கட்டு அறைக்கு அழைத்துப் போனாள். தம்பி கட்டிலில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதிகாரி வெளிச்சத்தை ஒரு கருவியால் அளந்தார், சத்தத்தை இன்னொரு கருவியால் அளந்தார். கட்டிலடியில் அளவுநாடாவை விட்டார்.

“காலைக் கொஞ்சம் தூக்கிக்கறீங்களா?”

தம்பி தூக்கிக்கொண்டான். அளந்து முடித்தபிறகும் இறக்கவில்லை. இறக்கலாம் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

“இந்த ரூம்ல ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தனியா இருக்கும்?” என்று கேட்டார் அதிகாரி.

“காலைல எட்டு மணிக்கு நான் போனா, சாயங்காலம் ஆறு ஆகும்.”

“பத்து மணி நேரமா!” அதிகாரி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். “அதுக்கப்புறம் யாராவது பேசுவாங்களா?”

“சாப்பாடு வைப்பேன். மாத்திரை…” என்று இழுத்தாள் அக்கா.

“கதவு?”

“சாத்தித்தான் வைப்பேன். அமைதியா விடச் சொன்னாங்க.”

“ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவர். ஏறி விளையாட ஒண்ணும் இல்ல, செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல.” அதிகாரி எழுதிக்கொண்டே போனார். கண்ணில் நிஜமாகவே நீர் கோத்திருந்தது. “தப்பா நினைக்காதீங்கக்கா, ஜீவகாருண்யம்னு ஒண்ணு இருக்கு. இந்த அறையில ஒரு உயிரை வச்சா எட்டே வாரத்துல அது மாடலாயிடும். ஒரு எலியைக்கூட இங்க விட எனக்கு மனசு வராது.”

“இங்க என் தம்பி இருக்கானேம்மா.”

அதிகாரி அப்போதுதான் அவனைப் பார்த்தார். பிறகு படிவத்தைப் புரட்டி, மேலிருந்து கீழே வரை ஒரு முறை தேடினார்.

“அவரு எங்க பிரிவுல வரமாட்டாருக்கா” என்றார்.

நகல் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். ‘இவ்விடம் எலி வாழத் தகுதியற்றது’ என்று முத்திரையோடு இருந்தது. எலிக்கு ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள் என்று ஆறுதலும் சொன்னார். தகுதியான வீடு கிடைக்காவிட்டால் இயக்குநர் அறையில், ஜன்னலோரம், தோட்டத்தைப் பார்த்த மாதிரி வைக்கச் சொல்லியிருக்கிறார்களாம். வருகிற விருந்தாளிகள் அதனிடம் நாலு வார்த்தை பேசுவார்களாம், எப்படியும் கெட்டுப்போன எலிதானே என்று இயக்குநரே அனுமதித்துவிட்டாராம்.

அதிகாரி போனபிறகு அக்கா அந்தக் காகிதத்தை மூன்று முறை படித்தாள். ஜன்னலோரமாம், தோட்டமாம். பழைய எரிச்சல் அடிவயிற்றிலிருந்து கிளம்பிப் பாதி வழியில் நின்றுவிட்டது. அந்த அறையை அவள் அப்போதுதான் அளவுநாடா இல்லாமல், தன் கண்ணாலேயே பார்த்தாள்.

“எந்த எலி?” என்றான் தம்பி.

அவன் குரல் துருப்பிடித்திருந்தது. அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். “காலை இறக்குடா முதல்ல. அது வேலை பாக்கற இடத்துல ஒண்ணு. நாற்பத்தொன்னாம் நம்பர்.”

“அதுக்கு ஏன் நம்ம வீடு?”

“அதுகிட்ட பேசினேன்னு என்மேல விசாரணை வச்சாங்க. பேசினதுல அதுக்குக் குணமாயிடுச்சாம்.”

தம்பி யோசித்தான். அவன் யோசிக்க நேரம் பிடிக்கும். அக்கா காத்திருந்தாள். சாதாரணமாக இந்நேரம் கதவைச் சாத்தியிருப்பாள்.

“என்ன பேசினே?”

“உன்னைப் பத்தித்தான். நீ சின்ன வயசுல பேசினது, நீ கண்டக்டரா இருந்தது. காலைல நீ என்ன சாப்பிட்டேன்னு.”

“எவ்வளவு நேரம்?”

“பத்து நிமிஷம்.”

“தினமுமா?”

“தினமும்தான்.”

தம்பியின் முகம் மெல்லக் கோணியது. உதடு இறுகி, மூக்கு விடைத்தது. அந்த முகம் யாருடையது என்று அக்காவுக்குத் தெரியாதா? எட்டு வாரம் அவள் சுமந்துகொண்டு திரிந்த முகம்தான்.

“என்கிட்ட மட்டும் மாத்திரை போட்டியான்னு ஒரு கேள்வி” என்றான். “அதோட கதவு.”

அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. காகிதத்தைச் சுருட்டி எறிந்தாள். கதவைச் சுவரோடு சுவராகத் திறந்து வைத்து, அது மூடிக்கொள்ளாமலிருக்கத் தண்ணீர்க் குடத்தை நகர்த்தி முட்டுக்கொடுத்தாள். பிறகு கட்டிலில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“உனக்கென்னடா ராசா” என்று ஆரம்பித்தாள். “கொடுத்து வச்சவன்…”

“இரு அக்கா” என்று கையைக் காட்டி நிறுத்தினான் தம்பி. சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு காலத்தில் எழுபது பேருக்குச் சில்லறை பாக்கி வைக்காத கண்டக்டர்.

“அதுக்குப் பத்து நிமிஷம்னா எனக்குப் பதினஞ்சு” என்றான்.